யூரியா பக்கத்தில், பொட்டாஷ் தூரத்தில்: பீடோங் வட்டாரச் சிறுதோட்டம் ஒன்றின் உரக் கணக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து பழைய நெடுஞ்சாலையில் வடக்கே போனால், இடப்பக்கம் ஜெராய் மலை கூடவே வர, கொஞ்ச நேரத்தில் குரூண் வந்துவிடும். அங்கே பெட்ரோனாஸ் குழுமத்தின் உரத் தொழிற்சாலை இருக்கிறது. 1990-களின் கடைசியிலிருந்து ஓடுகிற ஆலை அது. திரங்கானு கடலில் எடுக்கும் இயற்கை எரிவாயு கெர்த்தேயில் கரையேறி, தீபகற்பத்தைச் சுற்றிவரும் குழாயில் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன், காற்றிலிருந்து நைட்ரஜன், இரண்டும் சேர்ந்தால் அம்மோனியா. அதோடு கரியமில வாயுவைச் சேர்த்தால் 46 விழுக்காடு நைட்ரஜன் உள்ள வெள்ளை மணி, அதாவது யூரியா.

இந்த ஆலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரத்தில்தான் 2022-இல் சிறுதோட்டக்காரர்கள் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, உரம் போடாமல் விட்டார்கள். நாட்டில் உரத் தொழிற்சாலை இல்லாத காலமும் அல்ல. சரவாக்கின் பிந்துலுவில் 1985-இலிருந்து ஆசியான் நாடுகளின் கூட்டு ஆலை உண்டு. சபாவின் சிப்பித்தாங்கில் ஆண்டுக்கு 12 லட்சம் டன் யூரியா செய்யும் திறனுள்ள ஆலை 2017-இல் வணிக உற்பத்திக்கு வந்தது. மலேசியா யூரியாவை வெளிநாட்டுக்கு விற்கிற நாடு. அப்படியிருந்தும் ஐந்து ஏக்கர்காரர் வெறுங்கையோடு நின்றார் என்றால், குறை எங்கே என்று பார்த்தாக வேண்டும். உள்நாட்டு உரப் பாதுகாப்பு என்றதும் எல்லாரும் ஆலையைத்தான் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தின் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது ஆலையைவிட முக்கியமான ஒன்று கண்ணில் பட்டது.

ஐந்து ஏக்கர்

தோட்டக்காரர் ஒரு முன்னாள் மண்டோர், அதாவது தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்தவர். இந்தப் பக்கத்தில் இன்னும் மண்டோர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். 1950-களின் இறுதியிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது அவருடைய அப்பா சேமிப்பையும் அம்மாவின் நகையையும் போட்டு வாங்கிய நிலம் அது. முதலில் பால்மரம், அதாவது ரப்பர். விலை இறங்கி, வெட்ட ஆளும் கிடைக்காமல் போனபின் செம்பனை நட்டார். ஏறக்குறைய 275 மரம்.

இந்த மாற்றத்திலேயே கதையின் பாதி இருக்கிறது. பால்மரம் அதிகம் கேட்காது. பாலில் வெளியே போகிற சத்து கொஞ்சம்தான். செம்பனை அப்படியல்ல. ஒரு டன் பழக்குலை தோட்டத்தை விட்டுப் போகும்போது மண்ணிலிருந்து ஏறக்குறைய 3 கிலோ நைட்ரஜனையும் 3.7 கிலோ பொட்டாசியத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் மண்ணோ பல்லாயிரம் ஆண்டு மழையில் கழுவப்பட்ட புளிப்பு மண், சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு. பால்மரக் காலத்தில் உரக்கடைக்கு எப்போதாவது போன குடும்பம், செம்பனைக்கு மாறிய பிறகு ஆண்டுதோறும் கடையை நம்ப வேண்டியதாயிற்று. செம்பனை வைத்திருப்பவருக்குத் தோட்டப் பராமரிப்புச் செலவில் மிகப் பெரியது உரம்தான்.

அவர் போட்டு வந்தது மூன்று வகை. மூன்றும் ஒரே கடையில், ஒரே மாதிரி ஐம்பது கிலோ மூட்டையில் வரும், ஆனால் பிறந்த இடம் வேறு வேறு. யூரியா நம் நாட்டுடையது. பாஸ்பேட் கல்மாவு எகிப்திலிருந்தோ ஜோர்டானிலிருந்தோ வரும், அல்லது சாவகத் தீவுக்குத் தெற்கே இருக்கிற கிறிஸ்மஸ் தீவிலிருந்து வரும். பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் தருகிற எம்.ஓ.பி. உரம், முழுக்க முழுக்க கப்பல் சரக்கு. மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. உலகத்தின் பொட்டாஷில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனடா, ரஷ்யா, பெலாருஸ் என்ற மூன்று நாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. செம்பனை அதிகம் கேட்பதும் அந்தப் பொட்டாஷைத்தான். மரத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை கிலோ என்று வைத்தால் 275 மரத்துக்கு 690 கிலோ, பதினான்கு மூட்டை.

2022

முதல் அடி 2021-இலேயே விழுந்தது. பெலாருஸ் அரசு மீது ஐரோப்பாவும் அமெரிக்காவும் தடை போட்டன. அந்த நாட்டுக்குக் கடற்கரை இல்லை, அதன் பொட்டாஷ் லித்துவேனியாவின் கிளைப்பேடா துறைமுகம் வழியாகத்தான் உலகுக்குப் போனது. 2022 பிப்ரவரி 1 முதல் லித்துவேனியா தன் ரயிலில் அந்தச் சரக்கை ஏற்றுவதை நிறுத்தியது. அதே மாதம் 24-ஆம் தேதி ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்தது. அதற்கு முன்பே, 2021 அக்டோபர் நடுவிலிருந்து, சீனா தன் யூரியா, பாஸ்பேட் ஏற்றுமதிக்குக் கட்டாயப் பரிசோதனை வைத்துக் கதவைப் பாதி சாத்தியிருந்தது. ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறி அம்மோனியா ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன.

2020-இல் உலகச் சந்தையில் டன் 230 டாலர் அளவில் இருந்த யூரியா 2022 ஏப்ரலில் 900 டாலரைத் தாண்டியது. குரூணில் செய்த யூரியாவும் அதே வேகத்தில் ஏறியது. பக்கத்து ஊர்க்காரனுக்கு ஒரு விலை, கப்பலுக்கு ஒரு விலை என்று ஆலை வைப்பதில்லை, உலக விலைதான் உள்ளூர் விலை. ஆலை நாட்டுக்குள் இருந்தால் சரக்கு கிடைக்கும் என்ற உறுதி வரும், விலையைப் பற்றி எந்த உறுதியும் வராது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசிப் பேசித்தான் நாம் குழம்பிப் போகிறோம்.

பொட்டாஷில் இரண்டு உறுதியும் இல்லை. மண்டோர் ஐயா வைத்திருந்த ரசீதுகளில் முன்பு எண்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே இருந்த மூட்டை, 2022 நடுவில் இருநூறு வெள்ளியைத் தொட்டிருந்தது. பதினான்கு மூட்டைக்கு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்தவர் 2,800 வெள்ளி கொடுக்க வேண்டும். அந்த ஆண்டின் முதல் பாதியில் பழக்குலை விலையும் உச்சத்தில் இருந்தது, டன்னுக்கு 1,500 வெள்ளிக்கு மேல். அதனால் ஆரம்பத்தில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. பிறகு இந்தோனேசியா ஏப்ரல் 28-இல் போட்ட பாமாயில் ஏற்றுமதித் தடையை மே 23-இல் நீக்கியது, தேங்கியிருந்த எண்ணெய் சந்தைக்குள் பாய்ந்தது. ஜூலைக்குள் குலை விலை பாதியாகச் சரிந்தது. உர விலை அப்படி இறங்கவில்லை. ஏறும்போது சேர்ந்து ஏறி, இறங்கும்போது தனியாக நின்றுகொண்ட அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் சிறுதோட்டக்காரர்கள் பொட்டாஷ் வாங்குவதை நிறுத்தினார்கள்.

நெல் விவசாயிக்கு இந்த நிலை வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூடா வட்டாரத்து வயல்கள் எங்களுக்குத் தூரமில்லை. நெல்லுக்கு மத்திய அரசின் உர மானியத் திட்டம் 1979 முதல் இருக்கிறது, மூட்டை விலை உலகில் எங்கே போனாலும் அவர்களுக்கு வரவேண்டிய பங்கு வரும். சோறு தருகிற பயிருக்கு அந்தக் காப்பு வேண்டும், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. செம்பனைச் சிறுதோட்டம் அந்தக் குடைக்கு வெளியே நிற்கிறது. டி.ஓ.எல். நிலத்தில், அதாவது தற்காலிக உரிமத்தில், கீரையும் வெண்டையும் போடுகிற நம்மவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். நிரந்தர நிலப்பட்டா கேட்கிற எந்த உதவிக்கும் மனு போடும்போதே அவர்களுக்குச் சிக்கல்.

யூரியா மட்டும் போட்டதன் விளைவு

மண்டோர் ஐயா அந்த ஆண்டு யூரியாவைக் கொஞ்சம் போட்டார், பொட்டாஷை விட்டுவிட்டார். அவர் மட்டுமல்ல, அக்கம்பக்கத்தில் பலரும் அதையே செய்தார்கள். யூரியா போட்டால் சில வாரத்தில் இலை கரும்பச்சையாகிறது, போட்ட பணம் கண்ணுக்குத் தெரிகிறது. பொட்டாஷ் அப்படிக் காட்டாது.

"மரம் பச்சையாத்தான் இருக்கு தம்பி, ஒரு வருசம் தாங்கும்" என்றார்.

ஒரு வருடம் தாங்கவும் செய்தது. அதுதான் செம்பனையில் ஆபத்து. இன்று வெட்டுகிற குலையின் பூ ஆணா பெண்ணா என்று முடிவானது ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன்பு. அதற்குப் பிறகும், வெட்டுக்குப் பத்து மாதம் இருக்கும்போது, மரம் பலவீனமாக இருந்தால் இளம்பூவை உதிர்த்துவிடும். ஆகவே 2022-இல் விட்ட உரத்தின் கணக்கு 2022-இல் வராது. பணத்தை மிச்சம் பிடித்தது போலவே இருக்கும். 2023 கடைசியிலும் 2024-இலும் குலை எண்ணிக்கை குறையும்போது, அதற்குக் காரணமாக மழையைச் சொல்வார்கள், வெயிலைச் சொல்வார்கள், வெட்டுகிறவனைச் சொல்வார்கள்.

அவருடைய தோட்டத்தில் முதலில் மாறியது முதிர்ந்த மட்டைகள். வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பொட்டாஷ் குறைவுக்குப் பாடப்புத்தக அடையாளம் அது. சந்தேகம் தீர 17-ஆவது மட்டையின் இலையை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். செம்பனையில் உலகம் முழுக்க அந்த மட்டையைத்தான் எடுப்பார்கள். காய்ந்த இலையில் பொட்டாசியம் 1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் குறை என்று பொதுவாகக் கொள்வது வழக்கம், அதற்கு நன்றாகவே கீழே இருந்தது. நைட்ரஜன் சரியாக இருந்தது. பொட்டாசியம் இல்லாதபோது மேலும் மேலும் யூரியா போடுவதால் குலை கூடாது, காசுதான் கரையும். இலைப் பரிசோதனைக்குக் கொடுத்த பணத்தை யூரியாவைக் குறைத்ததிலேயே எடுத்துவிட்டார்.

பொட்டாஷ் போகும் வழி

இனி சொல்லப்போவதுதான் இந்த ஆய்வை எழுத வைத்தது.

ஐந்து ஏக்கர் என்பது இரண்டு எக்டர். எக்டருக்கு 16 டன் என்ற சாதாரண விளைச்சலை வைத்தால் ஆண்டுக்கு 32 டன் குலை. அதோடு போகிற பொட்டாசியம் 118 கிலோ. எம்.ஓ.பி.யின் எடையில் பாதிதான் பொட்டாசியம், ஆகவே மூட்டையில் சொன்னால் ஐந்து மூட்டைக்குச் சற்றுக் குறைவு. அவர் போட வேண்டியது பதினான்கு மூட்டை என்றேனே, மீதி எங்கே போகிறது? மரத்தின் தண்டு வளரவும் மட்டை வளரவும் ஒரு பங்கு, மழையில் அடித்துப்போவது ஒரு பங்கு. வெட்டிய மட்டையைத் தோட்டத்திலேயே வரிசையாக அடுக்கினால் அதிலுள்ள சத்து மண்ணுக்குத் திரும்புகிறது. மழையில் போவதைத் தவிர, தோட்டத்தை விட்டு நிரந்தரமாக வெளியேறுவது குலையில் இருக்கிற ஐந்து மூட்டைதான்.

அந்த ஐந்து மூட்டைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? யாருமில்லை. குலையின் விலை எண்ணெயையும் பருப்பையும் வைத்துப் போடப்படுகிறது. எண்ணெயில் பொட்டாசியம் என்று சொல்லும்படி எதுவுமில்லை, அது கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். பழத்திலிருந்து எண்ணெய் பிரிந்த பிறகு பொட்டாசியம் அநேகமாக முழுவதும் எண்ணெய் பிழிகிற ஆலையிலேயே தங்குகிறது. பழம் உதிர்த்த வெறுங்குலையில், கழிவுநீரில், கொதிகலன் சாம்பலில்.

கனடாவிலிருந்து கப்பலில் வந்து, துறைமுகத்திலிருந்து லோரியில் ஏறி, சிறுதோட்டக்காரர் காசு கொடுத்து மரத்தடியில் போட்ட பொட்டாஷ், அடுத்த சில ஆண்டுகளில் குலையோடு ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சொந்த ஆலை வைத்திருக்கிற பெரிய தோட்டங்கள் அதைத் திரும்பத் தங்கள் மரத்துக்கே கொண்டுபோகின்றன. எக்டருக்கு 40 டன் வெறுங்குலை பரப்புவது அங்கே பழைய பழக்கம். ஒரு டன் ஈர வெறுங்குலையில் ஏறக்குறைய 18 கிலோ எம்.ஓ.பி.க்குச் சமமான பொட்டாஷும் 7, 8 கிலோ யூரியாவுக்குச் சமமான நைட்ரஜனும் இருக்கின்றன. சிறுதோட்டக்காரரின் குலை எடைமையத்தில் இறங்கி, இடைத்தரகர் கை மாறி, ஆலைக்குப் போய்விடும். அங்கிருந்து அவருக்கு எதுவும் திரும்புவதில்லை. அவருடைய பொட்டாஷ் பெரிய தோட்டத்து மரத்தடிக்குப் போகிறது, அவர் மறுபடி கடைக்குப் போகிறார். ஆண்டாண்டாக நடக்கிற இந்த இழப்பு எந்த ரசீதிலும் தெரிவதில்லை.

குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக வெறுங்குலை வரும். மண்டோர் ஐயாவின் 32 டன்னுக்கு 7 டன். அதிலுள்ள பொட்டாஷ் இரண்டரை மூட்டை. அவர் இழக்கிற ஐந்தில் பாதி இது. மறுபாதி சாம்பலிலும் கழிவுநீரிலும் நாரிலும் இருக்கிறது. உரப் பாதுகாப்பு என்று தேசிய அளவில் பேசும்போது, புதிய சுரங்கம், புதிய ஒப்பந்தம் என்று பேச்சு போகிறது. லாவோஸின் கம்முவான் மாநிலத்தில் சீன நிறுவனங்கள் எடுக்கிற பொட்டாஷ் கனடாவைவிட நமக்குப் பக்கம் என்பதும் உண்மைதான். ஆனால் நாட்டுக்குள்ளேயே, ஒவ்வொரு ஆலை வாசலிலும், பணம் கொடுத்து இறக்கிய பொட்டாஷ் குவிந்துகிடக்கிறது. எனக்கு அதுதான் நம் உள்நாட்டுச் சுரங்கம்.

வெறுங்குலையைக் கொண்டுவந்தபோது

மண்டோர் ஐயாவும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலரும் சேர்ந்து ஆலை ஒன்றில் கேட்டார்கள். அப்போது ஆலையில் குவியல் அதிகமாக இருந்த நேரம். எடுத்துக்கொண்டு போங்கள், லோரி உங்களுடையது என்றார்கள்.

லோரிக் கூலியில்தான் விஷயம் இருக்கிறது. வெறுங்குலையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். பத்து டன் லோரியில் வருவது மூன்றரை மூட்டைப் பொட்டாஷ். மூட்டை இருநூறு வெள்ளி விற்றபோது அது 700 வெள்ளிச் சரக்கு, கூலியும் பரப்புகிற ஆள்கூலியும் போக லாபம். மூட்டை விலை தொண்ணூறுக்கு இறங்கியபோது அதே லோரியின் மதிப்பு 320 வெள்ளிதான். ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது கட்டும். இதை மறைத்துவிட்டு இயற்கை உரம் என்று மட்டும் பாடிக்கொண்டிருந்தால் சிறுதோட்டக்காரர் ஒரு பருவத்தில் வெறுத்துவிடுவார். ஆனால் வெறுங்குலையின் வேலை பொட்டாஷோடு முடிவதில்லை. சனவரி முதல் மார்ச் வரை கெடாவில் வறட்சி கடுமையாக இருக்கும். வெறுங்குலை பரப்பிய இடத்தில் அந்த மூன்று மாதமும் மண்ணில் ஈரம் நின்றது, அதன் கீழே தோண்டினால் வெள்ளை வேர்கள் பாய்போல் படர்ந்திருந்தன. மூட்டைப் பொட்டாஷ் அதைச் செய்யாது.

பரப்பியதில் ஒரு தோட்டத்தில் தவறு நடந்தது. லோரி கொட்டிய இடத்திலேயே குவியலாக விட்டுவிட்டார்கள், பரப்ப ஆள் கிடைக்கவில்லை. அழுகுகிற குவியல் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. இளமரங்களின் குருத்தை அது துளைத்த அடையாளம் விசிறி மட்டையில் வெட்டுப்போலத் தெரிந்தது. ஒரே அடுக்காக, மரங்களுக்கு நடுவே பரப்பினால் இந்தத் தொல்லை வராது. இறக்கிய சில நாளுக்குள் பரப்ப ஆள் இல்லை என்றால் லோரியைக் கூப்பிடவே கூடாது.

அப்புறம் ஆலையின் பேச்சும் மாறியது. வெறுங்குலையை நசுக்கிக் காயவைத்து எரிபொருளாக விற்க வழி வந்ததும், இலவசமாகக் கிடந்த குவியலுக்கு விலை வந்தது. ஒருகாலத்தில் ஆலைகள் வெறுங்குலையை எரித்து, அந்தச் சாம்பலைப் பொட்டாஷ் உரமாகப் பயன்படுத்தின. புகை விதிகள் இறுகிய பின் அது குறைந்தது. இப்போது மறுபடி எரிக்க வேறு காரணம் வந்திருக்கிறது. எரிக்கட்டும், சாம்பலாவது திரும்பி வரவேண்டும். சாம்பலில் பொட்டாஷ் செறிவு அதிகம், எடை குறைவு, லோரிக் கூலி கட்டும். காரத்தன்மை கடுமையாக இருப்பதால் புளிப்பு மண்ணுக்கும் நல்லது. கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், யூரியாவோடு மட்டும் கலக்கக் கூடாது. கலந்தால் அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

கூட்டாக வாங்கியது

வெறுங்குலை முழுத் தேவையையும் தீர்க்காது என்று தெரிந்ததும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து மூட்டையை மொத்தமாக வாங்க முடிவு செய்தன. இது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டுகிறவர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் போட்டுப் போட்டுத்தான் தோட்டம் வாங்கினார்கள். முதலில் வாங்கிய புக்கிட் சிடிம் தோட்டமே கெடாவில்தான் இருக்கிறது. துண்டாடலில் வேலையும் வீடும் போய்விடுமோ என்று பயந்த மக்கள் அப்படிச் சேர்ந்து ஒரு தோட்டத்தையே வாங்கினார்கள் என்றால், பொட்டாஷ் மூட்டையைச் சேர்ந்து வாங்க முடியாதா என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். அவர் கணவர் இல்லாத பிறகு மூன்று ஏக்கரைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். அந்தக் கேள்விக்குப் பிறகு கூட்டத்தில் யாரும் பின்வாங்கவில்லை.

ஒவ்வொரு மாதமும் குலைப் பணம் வரும்போது டன் கணக்கில் ஒரு தொகையைப் பொதுவில் போடுவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலை பார்த்து வாங்குவது என்று ஏற்பாடு. தனித்தனியாகக் கடையில் வாங்கியதைவிட மூட்டைக்குப் பத்துப் பதினைந்து வெள்ளி குறைந்தது. ஆனால் உண்மையான லாபம் அதில் இல்லை. கடனுக்கு உரம் வாங்கி அந்தக் கடைக்காரருக்கே குலையையும் கொடுக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து சில குடும்பங்கள் வெளியே வந்தன. எடைமையத்தை அவர்களே தேர்ந்தெடுக்க முடிந்தது.

மொத்தமாக வாங்கினால் வைக்க இடம் வேண்டும். பூட்டிக்கிடந்த ஒரு கடைவீட்டை எடுத்தார்கள். முதல் முறை யூரியாவையும் பொட்டாஷையும் சேர்த்து அடுக்கினார்கள். சில வாரத்தில் யூரியா கல்லாகிவிட்டது, சுத்தியலால் உடைத்துத்தான் எடுத்தார்கள். 30 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 73 விழுக்காட்டைத் தாண்டினால் யூரியா தண்ணீரை இழுக்கத் தொடங்கும். நம் ஊரில் இரவு நேர ஈரப்பதம் அதற்கு மேலேதான். பொட்டாஷ் 84 விழுக்காடு வரை தாங்கும். தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல், பிளாஸ்டிக் போர்த்தி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

இதிலிருந்து வந்த ஏற்பாடு எளிமையானது. யூரியா பக்கத்தில் இருக்கிறது, ஆகவே சேர்க்க வேண்டாம். ஏப்ரல் மழைக்கும் செப்டம்பர் மழைக்கும் சற்று முன்னால் வேண்டிய அளவு வாங்கி உடனே போட்டுவிடுவது. அதிலும் மேல்மண் ஈரமாக இருந்து, பிறகு நான்கு நாள் மழையில்லாமல் காய்ந்தால் கால் பங்கோ அதற்கு மேலோ காற்றில் போய்விடும், அதனால் வானத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். பொட்டாஷ் தூரத்திலிருந்து வருவது, கெடாதது, ஆகவே விலை படுத்திருக்கும்போது வாங்கி ஓராண்டுத் தேவையைக் கையில் வைத்துக்கொள்வது. பாஸ்பேட் கல்மாவு புளிப்பு மண்ணில் மெல்ல மெல்லக் கரையும், முன்பு ஒழுங்காகப் போட்ட தோட்டத்தில் ஓராண்டு தள்ளினாலும் மரம் தாங்கும். மக்னீசியத்துக்கு ஜெர்மனியிலிருந்து வருகிற கீசரைட்டுக்குப் பதிலாக உள்நாட்டு மக்னீசியச் சுண்ணாம்பு மாவு. பேராக்கிலும் பெர்லிசிலும் சுண்ணாம்பு மலைக்குப் பஞ்சமில்லை. கீசரைட் அளவுக்கு வேகம் கிடையாது, ஆனால் விலையில் பெரிய வித்தியாசம், அதோடு புளிப்பும் குறையும்.

அரசாங்கம் உரக் கையிருப்பு வைக்க வேண்டும் என்று கோருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். எல்லா மூட்டையையும் ஒரே கிடங்கில் வைப்பதாக நினைக்க வேண்டாம். யூரியாவுக்கு உர ஆலையோடு ஓர் உள்நாட்டு ஒதுக்கீடு போதும், நெருக்கடி நேரத்தில் ஏற்றுமதிக்கு முன்னால் உள்ளூர் ஆர்டர் போக வேண்டும். கிடங்கு கட்டுவதானால் பொட்டாஷுக்குக் கட்டுங்கள். அதையும் துறைமுகத்தில் கட்டாமல் சுங்கைப்பட்டாணி, கூலிம், தெலுக் இந்தான் மாதிரி சிறுதோட்டக்காரர்கள் இருக்கிற ஊர்களில் கட்டினால் கடைசி லோரிக் கூலி மிச்சமாகும்.

ஆலையோடு நடக்கிற பேச்சு

மண்டோர் ஐயாவின் மரங்களுக்குப் பொட்டாஷ் மறுபடி போகத் தொடங்கிவிட்டது. இலையில் புள்ளி குறைந்திருக்கிறது. குலை எண்ணிக்கை இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை, மரத்தின் நாட்காட்டிப்படி அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

குழு இப்போது எண்ணெய் ஆலையிடம் வைத்திருக்கிற கோரிக்கை ஒன்றுதான். கொடுக்கிற ஒவ்வொரு டன் குலைக்கும் 200 கிலோ வெறுங்குலை, அல்லது அதற்கு ஈடான சாம்பல், அல்லது மூட்டைப் பொட்டாஷின் அன்றைய விலையில் ஒரு தள்ளுபடி, மூன்றில் ஏதாவது ஒன்று ரசீதில் ஏற வேண்டும். யாருடைய குலை எவ்வளவு என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் ஆலைத் தரப்பின் முதல் பதில். அந்தப் பதில் இனி செல்லாது. 2020 முதல் எம்.எஸ்.பி.ஓ. என்ற நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் நாடு முழுக்கக் கட்டாயம். குலை விற்க மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும். எந்தத் தோட்டத்துக் குலை எந்த எடைமையம் வழியாக எந்த ஆலைக்குப் போனது என்று பதிவு செய்யத்தான் இவ்வளவு தாளும். எண்ணெய் வாங்குகிற ஐரோப்பியனுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிற அதே கணக்கு, பொட்டாஷைத் திருப்பிக் கொடுக்கவும் போதும்.

ஆலை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. சாம்பலை முதலில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். குழுவினர் தங்கள் மூன்று ஆண்டு ரசீதுகளைத் தோட்டவாரியாக அடுக்கி, மொத்தம் எத்தனை டன் கொடுத்தோம் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலை அந்த அக்காவின் மகள்தான் கணினியில் ஏற்றுகிறார்.